ஒரு குப்பி சிவப்பு

ஜீப்பின் முகப்பில் கட்டிய துணியில்
'அறுவடை மருத்துவ ஊழியம்' என்றிருந்தது.
அதற்குப் பின்னால்
தூங்கும் பிள்ளையைப் போல மைக்ராஸ்கோப்பை
மடியில் வைத்துக்கொண்டு நான்.
கோத்தகிரிக்குக் கீழே பதினோராவது வளைவில்
தார் முடிந்தது.
பிறகு காப்பி, பிறகு பலா,
பிறகு அட்டைகள் மட்டும் எதிர்கொண்டு அழைத்த பாதை.

பானக்கொம்பையில் இருபத்து மூன்று வீடு.
எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.
ஞானசிகாமணி ஐயா ஜெபத்தைத் தொடங்கினார்:
தேசத் தலைவர்களுக்காக, மழைக்காக,
கூடலூர் ரோட்டில் லாரி கவிழ்ந்த ஒரு குடும்பத்துக்காக.
வரிசை அசையவில்லை.
ஊசி வைத்திருப்பவர்கள் கண்ணை மூடச் சொன்னால்
மூடிவிட வேண்டும் என்று
அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

என் பெட்டியில் லான்செட், பஞ்சு, ஸ்பிரிட்,
ஒரு சிட்டிகை வேதிப்பொடி,
ஒரு குப்பி சிவப்பு நெயில் பாலிஷ்.
சாயர்புரத்துக்காரி நான்,
கம்மல்கூடப் போடாத வீடு.
முதல் முகாமில் போதகரம்மா குப்பியைப் பார்த்தார்,
என் விரல்களைப் பார்த்தார்,
அன்றிரவு எனக்காகத் தனியே ஜெபித்தார்.
விளக்கிச் சொல்ல வாய்க்கவேயில்லை.
இரத்தத் துளிமேல் மெல்லிய கண்ணாடி வைத்து
ஓரங்களைக் காற்றுப் புகாமல் அடைக்க
இதைவிட மலிவாக வேறொன்று கிடைக்காது.
மூச்சு முட்டினால்தான்
சில இரத்தம் தன் உருவத்தைக் காட்டும்.

ரஞ்சித். ஒன்பது வயது, மஞ்சள் பாரித்த கண்.
பனி இறங்கும் இரவுகளில்
முழங்காலைக் கட்டிக்கொண்டு அலறுவானாம்.
'வளர்ற வலி' என்றாராம் பள்ளிக்கூடத்து சார்.
விரலில் குத்தினேன்.
இதையா வலி என்கிறாய் என்பதுபோல்
என்னைப் பார்த்தான்.

ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.
அதற்குள் பள்ளத்திலிருந்து மேகம் ஏறிவிட்டது.
கரண்ட் கிடையாது.
என் மைக்ராஸ்கோப்பின் கண்ணாடி
வெயிலை நம்பிப் பிழைக்கிற கண்ணாடி.
பள்ளிக்கூட வராந்தாவில் தம்பூரின் குலுங்க
நான் கேட்டது சின்ன வேண்டுதல்:
உள்ளங்கை அளவு வெளிச்சம், ஆண்டவரே, பத்து நிமிஷம்.
எட்டு நிமிஷம் கிடைத்தது.

போதுமானதாக இருந்தது.
வட்டமாக இருக்க வேண்டியவை
ஒடுங்கி, வளைந்து, முனை கூர்ந்து
கொத்துக் கொத்தாய்க் கதிரரிவாள்.
வெளியே ஜீப்பின் துணி
காற்றில் படபடத்துக்கொண்டே இருந்தது.

டாக்டர் எமிலின்தான் மாதியிடம் சொன்னார்.
கோயம்புத்தூரில் இன்னொரு முறை பார்க்கணும்,
ஆனாலும் ஏறக்குறைய உறுதி என்று.
'இது எங்கிட்ட இருந்து வந்துச்சா,
அவங்கப்பன்கிட்ட இருந்தா?'
ரெண்டு பேரிடமிருந்தும்மா. பாதிப் பாதி.
அவள் சிரித்துவிட்டாள்.
'இத்தன வருசத்துல
அந்தாளு சரிபாதி குடுத்தது
இது ஒண்ணுதான்.'

மாத்திரை தொண்ணூறு.
தண்ணீர் நிறையக் குடிக்கணும்.
குளிரில் விடக்கூடாது என்றோம்,
நீலகிரியில் நின்றுகொண்டு.
அடுத்து எப்போ வருவீங்க?
'கர்த்தருக்குச் சித்தமானால் மூணு மாசத்தில்'
என்றார் ஐயா.
'மழைக்கும் சித்தமாகணும்'
என்றான் போஜன், ஜீப்புக்கு அடியிலிருந்து.

பெட்டியை மூடப்போனேன்.
ரஞ்சித்தின் தங்கை குப்பியைத் தொட்டாள்.
எதுவும் கேட்கவில்லை.
விரல்களை மட்டும் மேசைமேல் விரித்து வைத்தாள்.
பத்து நகம், மண்ணேறி, ஒன்று பாதி உடைந்து.
போதகரம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.
பூசினேன்.

மாதி மகளின் கையைத் தூக்கி
ஒவ்வொரு விரலாக ஊதினாள்.
'இந்தச் சாயம் போறதுக்குள்ள
வந்துருவீங்கல்ல?'

விறகும் பாத்திரமும் காப்பிப் பழமும் தொடுகிற கை.
எட்டு நாள் தாங்கும்.
மிஞ்சினால் பத்து.

நான் பதில் சொல்லவில்லை.
சுண்டுவிரலிலிருந்து மறுபடி ஆரம்பித்து
காய்ந்ததன் மேலேயே
இன்னொரு பூச்சு பூசினேன்.