நான்கெல்லை

சம்மனின் மூலையில்
எனக்கு முந்தின அமீனாவின் டீக்கறை.
பிரதிவாதி: பாப்பம்மாள்,
காலஞ்சென்ற துரைக்கண்ணு மேஸ்திரியின் மனைவி.
விலாசம்: பழைய எண் பதினேழு,
லாயக்காரன் சந்து, தண்டு, பெங்களூர்.

மேயோ ஹால் படி இறங்கும்போதே தெரியும்
அந்தச் சந்து செத்துப்போய்விட்டதென்று.
ஆனாலும் போக வேண்டும்.
இல்லாத வீட்டின் கதவைத் தட்டினேன் என்று
எழுதிக் கொடுப்பதற்குத்தான் சம்பளம்.

இந்த ஊருக்குள் இரண்டு ஊர் இருந்தது.
பேட்டை மகாராஜாவுக்கு,
தண்டு வெள்ளைக்காரனுக்கு,
நடுவில் மரங்கள்.
நாற்பத்தொன்பதில் இரண்டையும் சேர்த்துத் தைத்து
மாநகராட்சி என்றார்கள்.
தையல் விட்ட இடங்களில்
இன்றைக்கும் மழைத்தண்ணீர் நிற்கிறது.

காலாட்படைக்கு ஒரு ரோடு,
பீரங்கிக்கு ஒரு ரோடு.
குதிரைப்படை ரோடு மட்டும்
குதிரையை விட்டு இறங்கி
சென்னை முதலமைச்சர் ஒருவர் பெயரில்
நடந்து போய்க்கொண்டிருக்கிறது.
பட்டாளம் அணிவகுத்த சவுத் பரேட்
தடியூன்றி நடந்தவரின் பெயருக்கு மாறிற்று.
அவர் யார் என்று ஆட்டோக்காரர் கேட்பதில்லை.
எம்.ஜி. ரோடா, மீட்டருக்கு மேல் ஒன்றரை
என்பார்.

வாதியின் மனுவில் மூன்றாம் பத்தி:
மேற்படி துரைக்கண்ணு
விதான சௌதாவுக்குக் கல் கொத்தப் போனவர்,
ஜெயில் கைதிகளோடு ஒரே சாரத்தில்.
கட்டி முடித்ததும்
கைதிகளை விடுதலை செய்தார்கள்.
கூலிக்காரர்களை விடுதலை செய்ய
யாருக்கும் அதிகாரம் இல்லை.

அரசாங்க வேலை தேவர வேலை என்று
அதன் நெற்றியில் வெட்டியிருக்கிறது.
அந்த எழுத்துகளில் ஏதாவது ஒன்று
மேஸ்திரியின் கையாக இருக்கலாம்.
தேவர் எனக்கு
நான்கு மாதப் பேட்டா பாக்கி.

எதிரே சிவப்பாக அட்டாரா கச்சேரி.
பதினெட்டு ஆபீஸுக்குக் கட்டியது,
பிறகு கோர்ட் ஆனது.
ஒரு சமயம் இடிக்க நாள் குறித்தார்கள்.
தன் வழக்கைத் தன் கூரைக்கடியிலேயே
கேட்டுப் பிழைத்துக்கொண்டது.
லாயக்காரன் சந்துக்கு
அப்படியொரு வக்கீல் அமையவில்லை.

நின்று, சொத்து விவரத்தைப் பிரித்தேன்.
கிழக்கே ராணுவக் குதிரை லாயம்.
இப்போது ஐந்து மாடி வாகன நிறுத்தம்,
அடுக்கடுக்காகக் கார்கள்
தீனிக்குக் காத்திருக்கிற மாதிரி.
மேற்கே ஏரிக்கரை.
ஏரிக்குள் ஸ்டேடியம். விசில் சத்தம்.
வடக்கே ரொட்டிக் கிடங்கு.
மெட்ரோ தூண், எண் அறுபத்தொன்று.
தெற்கே

'என்ன சார், கோர்ட் பேப்பரா?'
தூணடியில் பப்பாளி நறுக்கும் முனித்தாயம்மா.
மிளகாய்ப்பொடி தூவாமல் கத்தியை நிறுத்தி
'தெற்கே என்னான்னு போட்டிருக்கு?'
பொது வழி, என்றேன்.
'அது அப்படியேதான் இருக்குது.
நான் உக்காந்திருக்கிறது அதுமேலதான்.'

பிறகு தட்டுக்கு அடியிலிருந்து
நான்காக மடித்த காகிதம் ஒன்று எடுத்தாள்.
மாநகராட்சி நோட்டீஸ்,
பப்பாளிச் சாற்றில் பாதி எழுத்து ஊறியிருந்தது.
பெறுநர்: பெயர் தெரியாதவர்.
விலாசம்: தூண் அறுபத்தொன்றுக்கு எதிரில்.
ஏழு நாளில் காலி செய்ய.
'கன்னடத்துல குடுத்தான்,
படிச்சுச் சொல்லுங்க.'

படித்தேன்.
ஏழில் ஐந்து நாள் போயிருந்தது.

பிரதிவாதி கிடைக்காவிட்டால்
வீட்டின் கண்ணில் படும் பாகத்தில்
சம்மனை ஒட்ட வேண்டும் என்பது சட்டம்.
பசை டப்பாவைத் திறந்தேன்.
தூணில் ஒட்டினால் மெட்ரோக்காரன் அபராதம் போடுவான்.
காற்றில் ஒட்டாது.

'இந்தப் பலகையில ஒட்டிக்குங்க சார்'
என்று வண்டியின் முகப்பைக் காட்டினாள்.
'நாளன்னைக்கு வரைக்கும்
யாரும் கிழிக்க மாட்டாங்க.'

ஒட்டிவிட்டுக் குறிப்பில் எழுதினேன்:
எல்லைகள் நான்கில் மூன்று இல்லை.
மீதி ஒன்றில் ஆள் இருக்கிறார்.
பெயர் முனித்தாயம்மா.

கேட்டதற்கு மேல் எழுதக்கூடாதென்று
ஷெரிஸ்தார் கடைசி வரியை அடித்துவிடுவார்.
நான் மை அழுத்தித்தான் எழுதியிருக்கிறேன்,
பின்பக்கம் தடவினால் தெரியும்.