பயிற்சி

மணிக்கட்டு எலும்பு கூடிய பின்
பிசியோதெரபிப் பந்து அலுத்து
ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை எடுத்தேன்,
ஐம்பத்தெட்டு வயதில்.

உள்ளங்கை மடிப்பில் அது நிற்கவே
நாலு மாதம்.
விழுகிற சத்தம் கீழ்வீட்டுக்குப் போகாதிருக்க
மெத்தை மேல் நின்று பழகினேன்.
காசில்லாத கையைப் பார்க்க வேண்டும்,
அதில் இருப்பதாக நானே நம்பி.
அதுதான் வரவில்லை.

முலுண்ட் தாண்டிய லோக்கல், மகளிர் பெட்டி.
எதிர் சீட்டுக் குழந்தைக்காக
மூடிய கையில் ஊதினேன்.
நழுவி உருண்டது.
மீன்காரி ஒருத்தி
செருப்பை வைத்தாள் அதன் மேல்.
காலைத் தூக்கினாள்.
இல்லை.

பெட்டியே சிரித்தது.
தாணேயில் அவள் இறங்குகையில்
ஈரச் செருப்படியில்
மினுங்கிப் போனது என் காசு.

அவளோ
கூடைக்குள்ளேயே பார்த்தபடி.
காலிக் கூடை.