லாட் 47-இல் ஒரு மாங்காய்

படத்தில் அதற்குக் கண்ணீர்த்துளி என்று பேர்.
கைக்காசு போட்டுச் செய்கிற பொருளுக்கு
யாராவது கண்ணீர் என்று பேர் வைப்பார்களா என்றேன்.
குணாளன் தலையைச் சொறிந்தான்.
சரி, துளி மட்டும் இருக்கட்டும் என்றான்.

அந்த வளைவை எட்டடிப் பலகையில்
வரைவதுதான் பாடாக இருந்தது.
கயிறு கட்டிச் சுற்றினால் முட்டை வந்தது.
பி.வி.சி. குழாயை ஆளுக்கொரு முனையாக வளைத்தால்
படகு வந்தது.
மூன்றாம் ஞாயிறு
அலமாரியைத் திறந்து கூறைப்புடவையை எடுத்தேன்.
கரையில் வரிசையாக மாங்காய்.
ஒன்றின்மேல் மெல்லிய தாளை வைத்து
எட்டுக் கட்டம் போட்டேன்,
கட்டத்துக்கு ஓர் அடி.
மூக்கு நுனியை மட்டும் வெட்டிவிட்டோம்.
காற்றுக்கு அதுதான் நல்லது என்று
கேட்டவர்களிடம் சொன்னான்.
பலகை போதவில்லை.

ரெலாவ் பிளாட், பி புளோக்குக்கு முன்னால்,
நாற்பத்தேழாம் லாட்.
காரைச் சாலையில் நிறுத்தி
இரண்டு சம்மன் வாங்கினோம்.
அச்சும் சக்கரமும் பத்து மாவுங்கில்
படகு இழுத்த வண்டியிலிருந்து,
முந்நூறு வெள்ளி, துரு இலவசம்.
பலகை, என் தொழிற்சாலையில்
இயந்திரங்கள் வந்திறங்கிய பெட்டிகள்.
உட்சுவரில் இன்னும் படிக்கலாம்:
இந்தப் பக்கம் மேலே.
உடையக்கூடியது.
இரண்டும் என் தலைமாட்டில்
தலைகீழாக.

பின்கதவைத் தூக்கினால் சமையல்கட்டு.
ஓர் அடுப்பு, இரண்டு தட்டு, வெங்காயத்துக்கு ஒரு வலை.
அதைப் பொருத்திய நாளிலிருந்து
பிளாட்டே கேட்கத் தொடங்கியது,
என்ன விக்கப் போற?
நாசி லெமாக் என்றால் எனக்குப் பத்துப் பொட்டலம்
என்றார் மூன்றாம் மாடி மாக்சிக் நோரைனி.
பர்கர் வேண்டாம், போட்டி அதிகம், அப்பம் போடு
என்றான் ஹார்ட்வேர் கடை ஆ கியோங்.
லைசென்சு எடுத்தாச்சா என்றார்
என் சொந்த அண்ணன்.

தூங்கப் போறோம் என்றேன்.
எல்லாரும் எங்கள் ஒன்பதாம் மாடி ஜன்னலை
ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்கள்.

எனக்கு இரவு வேலை, அவனுக்குப் பகல்.
நான் செருப்பைக் கழற்றும்போது
அவன் மாட்டுவான்.
ஆறு வருஷமாக
ஒரே மெத்தையின் சூட்டை
ஒருவர் விட்டுப்போக ஒருவர் வாங்கிக்கொள்கிறோம்.
இதை ஆ கியோங்கிடம் சொல்லவா முடியும்,
முக்கால் அங்குலத் திருகாணி
எண்ணி வாங்கும்போது?

ஜே.பி.ஜே. காகிதம் இன்னும் வரவில்லை.
காகிதம் இல்லாமல் பாலம் தாண்ட முடியாது.
அக்டோபரில் இருவருக்கும் ஒரே நாளில் லீவு விழுந்தது.
பார்க்கலாமே என்று
லாட் நாற்பத்தேழிலேயே படுத்தோம்.
நாலடி அகலம்.
அவன் முழங்கை என் விலாவிடம்
வழி கேட்டுக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டரைக்கு மழை.
இடது மூலையில் சொட்டியது.
அங்க சிலிக்கன் நீதானே பூசினே என்றான்.
பார்த்துப் பூசு, விலை ஏறிப்போச்சுன்னு
நீதானே சொன்னே என்றேன்.
பிஸ்கட் டின்னை அடியில் வைத்துவிட்டுத்
தொடர்ந்தோம்.
சொட்டுக்குச் சொட்டு பதில்.
எங்கள் சண்டையெல்லாம் போனில்தான் நடக்கும்,
யாராவது ஒருவர் பஸ்ஸில் இருப்போம்.
முகத்தைப் பார்த்துப் போட்டது
இதுதான் முதல்.
அவன் கோபத்தில் மூக்கைத் தேய்ப்பான்
என்பதே எனக்குத் தெரியாது.

விடியுமுன் பின்கதவைத் தூக்கித் தேநீர் வைத்தேன்.
காவலாளி தமாங் குடையோடு வந்து நின்றார்.
கடை திறந்தாச்சா என்று மலாயில் கேட்டார்.
இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது,
திறந்தாச்சு, உட்காருங்க.

குடித்துவிட்டு
இரண்டு வெள்ளியைக் கோப்பைக்கடியில் வைத்துப் போனார்.
நோட்டு நனைந்திருந்தது.
உட்சுவரில்,
உடையக்கூடியது என்பதற்குக் கீழே,
அதாவது மேலே,
ஒட்டிக் காயவைத்திருக்கிறேன்.