சூடு ஆறும் முறை

நான்காவது இரவு. இருபத்து மூன்றாம் பணி.
பத்து முறை முடியும்வரை
பாலம் நம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.
ஆறு ராட்சத இயந்திரங்கள் எனக்கு.
எதிரிக்கு எத்தனை என்று
மூடுபனி சொல்ல மறுக்கிறது.

ஓட்டுநர்களுக்கு ஆட்டம் வைத்த பெயர்கள் வாயில் நுழையவில்லை.
எங்கள் புளோக் ஆட்களை ஏற்றிவிட்டேன்.
எட்டாம் மாடி ஹோக் செங் அங்கிளுக்கு நீண்ட பீரங்கி.
மூலை வீட்டு ரொஹானாவுக்கு
வேகமும் மெல்லிய கவசமும்
(நிஜத்திலும் லிஃப்ட் வரும்வரை நிற்க மாட்டாள், படியில் ஓடுவாள்).
தாழ்வாரம் கூட்டும் ஷஃபிகுல், பழுதுபார்க்கும் வண்டியில்.
எழுபது டன் கனத்தில் இளம்பரிதி, என் கணவன்.
மீதி இரண்டுக்கும் பெயர் வைக்கவில்லை.
போனால் போகட்டும் என்று
அப்போதே நினைத்திருப்பேன்.

இளம்பரிதி இந்நேரம் உண்மையாகவே பாலத்தில்.
ஜொகூரிலிருந்து முட்டை லாரி.
பத்து நாற்பதுக்கு ஒரு செய்தி: நகரல.
பதினொன்று இருபதுக்கு: நகரல.
உட்லண்ட்ஸ் பன்னிரண்டாம் மாடி ஜன்னலில் தெரிகிறது,
நீரின் மேல் ஒரு சிவப்புக் கோடு.
அதில் எந்தப் புள்ளி அவன்?

மூன்று இரவும் ஒரே மாதிரி தோற்றேன்.
கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டேன்.
சுட்டால் சூடு ஏறும்.
தமிழில் இரண்டுக்கும் ஒரே வினைதான் என்று
இதைச் செய்தவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?
முள் சிவப்பைத் தொட்டதும்
எழுபது டன்னும் தானாக அணைந்து நிற்கும்,
மின்வெட்டில் நின்ற லிஃப்ட் போல.
பின்னாலிருந்து வருபவனுக்கு
அது போதும்.

இன்றும் ஆறாம் முறையில் அதே சிவப்பு ஓரம்.
காற்றாடி மூன்றில் சுற்றியும் வியர்வை.
மடிக்கணினி தொடையைச் சுடுகிறது.
எதிரே இரண்டு கட்டம் தள்ளி
ஏவுகணைக்காரன், முதுகைக் காட்டிக்கொண்டு.
சுடு, சுடு என்கிறது விரல்.

பாலத்தின் கீழே ஆறு ஓடுகிறது.
மூன்று நாளும் அதை வெறும் நீல நிறம் என்றே பார்த்திருக்கிறேன்.
இளம்பரிதியை அதில் இறக்கினேன்.
இடுப்புவரை தண்ணீர். ஆவி.
முறையை முடிக்கவா என்றது திரை,
இன்னும் சுடலாமே, நிச்சயம்தானா?
நிச்சயம். சும்மா நில்.

சும்மா நிற்பதற்கும்
யாராவது விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.
மேட்டில் ஹோக் செங் அங்கிள் தனியாக.
இடது கவசம் இல்லை. அவரை இறக்கியிருக்கலாம்.
இறக்கினால் அத்தனை பீரங்கியும் ஆற்றுப் பக்கம் திரும்பும்,
அதனால் இறக்கவில்லை.
ஏழாம் முறை தாங்கினார்.
எட்டில்
மேடு மட்டும் இருந்தது.

பழைய சேமிப்பைத் திறந்திருக்கலாம்.
ரொஹானாவின் ஒரு கை போனதற்கே
பதினொரு தடவை திறந்தவள் நான்.
இன்று திறக்கவில்லை, ஏனென்றால் அது பலித்தது:
ஒன்பதில் குளிர்ந்து எழுந்தான் எழுபது டன்,
பத்தில் பாலம் நம்முடையது.
பெயரில்லாத இரண்டும் கீறல்கூட இல்லாமல்
நின்றுகொண்டிருந்தன.

இரண்டே காலுக்கு இளம்பரிதி வந்தான்,
சட்டையில் டீசல் வாசம்.
ஜெயிச்சிட்டியா?
ம்.
நான் உயிரோட இருக்கேனா?
இருக்க.
வேற யாரும் போய்ட்டாங்களா என்றபோது
சோறு சுட வைக்கப் போய்விட்டேன்.

காலையில் லிஃப்ட் எட்டில் நின்றது.
ஹோக் செங் அங்கிள், ஒரு கையில் கோப்பிப் பொட்டலம்,
மறு கையில் பறவைத் தீனி.
தூங்கலையா என்று கண்ணுக்குக் கீழே தொட்டுக் காட்டினார்.
நான் எண்களைப் பார்த்தேன். ஏழு. ஆறு. ஐந்து.
தரையில் கதவு திறந்ததும்
மூடிவிடாமல் பொத்தானை அழுத்திப் பிடித்தேன்,
அவர் இறங்கி, கூண்டு தொங்கும் இடம்வரை
நடந்து முடிக்கும்வரை.