ஏழாவது குண்டு

உளவாளி வரகுணனுக்கு மொத்தம் முப்பத்தொரு நாவல்,
மாதம் ஒன்றாகச் சாணித்தாளில்
மாயவரம் ஜங்ஷன் கடையில் கயிற்றில் தொங்கியவை.
எழுதியவர் ரயில்வே பார்சல் குமாஸ்தா.
துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர் என்பது
பதினோராம் பக்கத்தில் தெரிந்துவிடும்:
‘ரிவால்வரின் பூட்டை விடுவித்தான் வரகுணன்.’
ரிவால்வருக்கு ஏது பூட்டு?
முதன்முதலில் இதை ரேஞ்சில் வாசித்தபோது
இருதயராஜ் சட்டையெல்லாம் டீ.

மன்னார்குடிக்கு வெளியே, மூடிப்போன ரைஸ்மில்லின்
நெல் காயப்போட்ட களம்தான் எங்கள் கிளப்.
இருபத்தைந்து மீட்டருக்கு அளவெடுத்ததுபோல் இருக்கும்.
அந்தக் கோடியில், சுட்டதெல்லாம் போய்ப் புதைய
இரண்டு ஆள் உயரத்துக்கு மண் மூட்டை.
வெண்ணாற்று மண்,
அனுமதி வாங்கி எடுத்தது.

மாசிக் கடைசி ஞாயிறு.
சம்பா அறுத்த தாளுக்குள் உளுந்து காய்பிடித்திருந்தது.
கோப்பை கிடையாது, சான்றிதழ் கிடையாது.
ஜெயித்தவருக்குத் தோற்றவர்கள் பரோட்டா வாங்கித் தர வேண்டும்,
அவ்வளவுதான்.

மேஜையில் துண்டு விரித்து
அவனுடைய இரண்டும்.
இடது அக்குளில் இருக்கும் கறுப்பு வெப்ளி,
கணுக்காலில் கட்டும் குட்டி பிரௌனிங்.
தேடிப் பிடித்துக் கிளப் பெயரில் பதிய
ஹமீதா மேடம் கலெக்டர் ஆபீசுக்கு நடந்தது நாலு வருஷம்.
வரகுணன் என்றால்
ஒரே அத்தியாயத்தில் ஹாங்காங் போய் வந்திருப்பான்.

குட்டி, கைக்குள் நண்டு மாதிரி:
இறுக்கினால் திமிறுகிறது, விட்டால் கடிக்கிறது.
வெப்ளி வேறு ஜாதி.
அதன் விசையை இழுப்பது
துருப்பிடித்த மதகைத் திருகுவதுபோல;
வராது வராது என்று இருந்து
சட்டென்று எல்லாம் வந்துவிடும்.

கால்நடை டாக்டர் பக்கிரிசாமிக்கு ஐம்பத்தொன்று.
எனக்கு ஐம்பத்துமூன்று,
கூட்டுறவு வங்கியில் நோட்டு எண்ணிய விரலுக்கு மோசமில்லை.
மோட்டார் காயில் கட்டும் பஷீருக்கு
மூன்று குண்டு தாளிலேயே இல்லை.
ஒன்று பக்கத்து லேனில் என் தாளில் இருந்தது.
எடுத்துக்கங்க அக்கா, என்றான்.

இனி ஏழாவது.
பதினாலாம் நாவலில், கொள்ளிடம் பாலத்தில், மழையில்
ஆறு குண்டு ரிவால்வரால்
ஏழு பேரை வீழ்த்துகிறான் வரகுணன்.
அச்சுப்பிழை என்றார் இருதயராஜ்.
ஏழாமவன் பயத்தில் விழுந்திருப்பான் என்றார் டாக்டர்.
சண்டை தீராமல் அதையே விதியாக்கினோம்:
ஆறும் சுட்டு முடித்த வெப்ளியின்
குழல்மேல் பத்து ரூபாய் நாணயம் வைக்க வேண்டும்.
ஏழாவது முறை விசையை இழுக்க வேண்டும்.
நாணயம் விழாவிட்டால் பத்துப் புள்ளி.

உள்ளே ஒன்றுமில்லை.
ஆறு தோட்டாவையும் நானேதான் எண்ணிப் போட்டேன்,
ஆறையும் நானேதான் சுட்டேன்.
மூச்சைப் பாதியில் நிறுத்தினேன்.
மயில் ஒன்று அகவி ஓய்ந்தது.
இழுத்தேன்.

டிக்.

அதற்கும் முன்னால்
சிமெண்டுத் தரையில் நாணயம் உருளும் சத்தம்.
வராத வெடிக்கு
என் மணிக்கட்டு முந்திக்கொண்டு அதிர்ந்திருந்தது.
ஐம்பத்துமூன்று புள்ளியும் எழுதியிருக்கிற தாள்
அங்கே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.
அதில் இது எங்கும் தெரியவில்லை.

டாக்டருக்கும் விழுந்தது. ஹமீதா மேடத்துக்கும்.
இருதயராஜ் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு இழுத்தார், விழுந்தது.

பஷீர் இழுத்தான்.
நாணயம் அதன் பாட்டுக்கு இருந்தது.
போய் எடுக்கும்வரை இருந்தது.
எப்படிடா?
காலித் துப்பாக்கிதானே டாக்டர், என்றான்,
எங்களில் யாருக்கோ அது தெரியாததுபோல.

மொத்தப் புள்ளியில் அவன் அப்போதும் கடைசி.
பரோட்டா அவனுக்குத்தான் என்று
ஒருவரும் சொல்லாமலே வண்டியை எடுத்தோம்.

கடையில் கொத்து போடும் இரும்புச் சத்தம்
காதைப் பிளந்தது.
நாங்கள் யாரும் அசையவில்லை.

பில்லோடு சேர்த்து
அந்த நாணயத்தையும் நீட்டினான் பஷீர்.
கல்லாவில் இருந்தவர் திருப்பித் தள்ளினார்:
பத்து ரூபாய்க் காசு இங்கே யாரும் வாங்குறதில்லீங்க.