தலைதட்டல்

மேற்குக் கான்சாஸில் ஆள் குறைந்த ஒரு கவுண்டி.
தானியக் கோபுரம், பெட்ரோல் பங்க்,
இரண்டுக்கும் நடுவே மானிய அலுவலகம்.
மூன்றாவது மேசை என்னுடையது.

போன வருஷத்துக்கு முந்தின மே மாதம்
பதினோரு நிமிடம் ஆலங்கட்டி விழுந்தது.
ட்வெய்ன் உன்ரூவின் முந்நூற்று இருபது ஏக்கரில்
பால் பிடித்திருந்த கோதுமை
பாய் சுருட்டியதுபோல் படுத்துவிட்டது.
ரோட்டுக்கு அந்தப் பக்கம்
ஒரு தாள் மடங்கவில்லை.

ஆலங்கட்டிக் காப்பீட்டை
அந்த வருஷம்தான் அவர் விட்டிருந்தார்,
டிராக்டர் தவணைக்காக.
பயிர்க் காப்பீட்டுக்காரர்கள்
மொத்த நிலத்தையும் கூட்டிப் பார்த்துக்
கையை விரித்தார்கள்.
கடைசியாக என்னிடம் வந்தார்.

கணினியைத் திருப்பிக் காட்டினேன்.
கவுண்டியின் சராசரி விளைச்சல்: நாற்பத்து நான்கு புஷல்.
நல்ல வருஷம். மானியம் இல்லை.

'இந்தச் சராசரி என்கிற ஆள்
எந்த ரோட்டில் விவசாயம் பண்ணுகிறார்?' என்றார்.
'போய்ப் பார்த்துக்
கொஞ்சம் கைமாற்று கேட்கலாம்.'
எனக்குச் சிரிக்கவும் வரவில்லை,
சும்மா இருக்கவும் முடியவில்லை.
வயலில் கிடப்பதும் தாள்,
என் மேசையில் கிடப்பதும் தாள்.
இதில் எதை நிமிர்த்த எனக்கு அதிகாரம்?

அடுத்த வருஷம் மழை ஆள் பார்த்துப் பெய்தது.
தெற்கே முழுக்கக் காய்ந்து போக,
ட்வெய்ன் வயலில் அறுபத்தொன்று கண்டது.
சராசரி இருபத்தாறுக்கு இறங்கியது.
அக்டோபரில் அவர் பெயருக்குக் காசோலை.

அதே தபாலில்,
கோதுமை விதைத்து இருபது வருஷமான
ஒரு மேய்ச்சல் நிலத்துக்கும் கோதுமைப் பணம்.
ஃபீனிக்ஸில் நீச்சல் குளத்தோடு வாழும்
ஒரு நிலச் சொந்தக்காரிக்கும் பணம்.
பழைய பதிவேட்டில் கோதுமை என்று
எழுதியிருந்தால் போதும்.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதாம்.
இங்கே கறிக்குப் போவதே அதுதான்.

மத்தியானம் டப்பாவைத் திறந்திருந்தேன்.
சப்பாத்தி. மாவு கனடாவிலிருந்து வந்த மூட்டை.
'நம்ம கோதுமையா?' என்றார்.
இல்லை என்றேன்.
'அப்படியென்றால் நீயும் என் எதிரிதான்' என்று சொல்லி
ஒரு துண்டு பிய்த்துத் தின்றார்.
உப்பு குறைவாம்.

காசோலையை மேசையில் வைத்தார்.
'போன வருஷம் தேவைப்பட்டது.
இந்த வருஷம் நெல்சன் பிரந்த்துக்குத் தேவை.
தெற்கே இருக்கிறான், நாற்பது மாட்டை விற்றுவிட்டான்.
அவன் பெயருக்கு மாற்ற முடியுமா?'
முடியாது.
'திருப்பிக் கொடுக்க?'
அதற்குப் படிவம் உண்டு என்றேன்.
'எத்தனை பக்கம்?'
பதினான்கு.

வெகுநேரம் காசோலையையே பார்த்தார்.
பிறகு நான்காக மடித்துச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
'தவணைக்காரன் சராசரி பார்ப்பதில்லை.'
வண்டி கிளம்ப ரொம்ப நேரமானது.

நெல்சனுக்கும் பணம் வந்தது.
அவர் மண்ணில் ஏழு புஷல்தான்.
ட்வெய்னுக்கு வந்த அதே விகிதம்,
ஏக்கருக்கு ஒரு காசு கூட இல்லை,
ஒரு காசு குறையவும் இல்லை.
கவர்மீது முகவரி ஒட்டியது நான்தான்.

இரவு வீட்டில் அரிசி அளந்தேன்.
டம்ளரில் கோபுரமாக நின்றதை
விரல் தானாகப் போய்த்
தலைதட்டியது.
சிந்தினதைப் பொறுக்கிப்
பானையிலேயே போட்டேன்.