நானூற்றுப் பன்னிரண்டாவது மூட்டை

துப்பறியிற படமெண்டால் எனக்கு வேண்டாம்
எண்டுதான் சொன்னனான்.
கஜரூபன் கேக்கேல்லை.
"கார்ட்டூன்தான் அக்கா, ஜப்பான்காரற்ற" எண்டு
பென்டிரைவைத் தராசுக் கொப்பிக்கு மேல வைச்சிட்டு
உலர்த்தியடிக்குப் போட்டான்.

காலபோக நெல்லு வந்து குவியிற மாதம்.
பரந்தன் மில்லில எனக்கு இரவு வேலை.
லொறி வந்தால் நிறுக்கவேணும், எழுதவேணும்.
ஒண்டரைக்கும் நாலுக்கும் இடையில
ஒரு லொறியும் வராது.
உமித்தூசி பிடிச்ச கொம்பியூட்டரும் நானும்
ஆறிப்போன பிளேன்ரீயும்.

மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெட்டை.
பள்ளிக்கூடத்துப் பிரிட்ஜில வைச்ச
ஆரோ ஒருத்தற்ற இனிப்புப் பணிஸைக் காணேல்லை.
அதுதான் வழக்கு.
உண்மைக்குக் கிட்டப் போகப் போக
அவளுக்கு விக்கல் எடுக்கும்.
ஒண்டெண்டால் சந்தேகம்,
மூண்டெண்டால் ஆள் அகப்பட்டாச்சு.
தின்னது அதிபர்.
மூக்கைச் சீறிச்சீறி ஒத்துக்கொண்டார்,
அடுத்த நாள் ஒரு தட்டுப் பணிஸோட வந்தார்.

நான் பிணத்துக்குக் காத்திருந்தன்.

ரெண்டாம் பாகத்தில வருமெண்டு நினைச்சன்.
வந்தது ஒரு இடது கால் மேசு.
மூண்டாம் பாகத்தில தபால்காரன் வீட்டு ஆமை,
தன்ர பாட்டில போய்த்
தன்ர பாட்டில திரும்பி வருது.

விசாரணை எண்ட சொல்லுக்கு
எனக்குத் தெரிஞ்ச கதிரை வேற, மேசை வேற.
இவள் விசாரிக்கேக்கை
முதல்ல தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறாள்,
பிறகு கேள்வியை மறந்துபோறாள்.

ஆறாம் பாகத்தில கிணறு.
பலகை போட்டு மூடின பழங்கிணறு.
பலகையை இழுக்கினம்.
பின்னணி இசை நிண்டுபோச்சு.
கொப்பியைத் தூக்கி முகத்துக்கு முன்னால பிடிச்சன்.
எவ்வளவு நேரம் பிடிச்சனோ தெரியாது.
ஓரத்தால பாத்தால்
பந்து.
பதினேழு பந்து.
ஊர்ப் பெடியள் முப்பது வருசமாய்த் துலைச்ச பந்தெல்லாம்
மழைத்தண்ணியில மிதக்குது.
ஒவ்வொண்டிலயும் பேர் எழுதிக் கிடக்கு.
அவள் பேரை வாசிக்க வாசிக்க
மீசை வைச்ச ஆக்கள் ஓடிவந்து
கட்டிப்பிடிச்சுக்கொண்டு போகினம்.

சிரிச்சன்.
மில் நாய் குரைக்கிற அளவுக்குச் சிரிச்சன்.
காவலுக்கு நிண்ட தேவசகாயம் அண்ணை
டோர்ச் அடிச்சபடி ஓடிவந்தார்.
"என்ன பிள்ளை, பாம்பே?"
"பந்து" எண்டன்.
கொஞ்சநேரம் என்னைப் பாத்திட்டுப் போனார்.

மூண்டு மணிக்கு இருப்பு எண்ணவேணும்.
கொப்பியில நானூற்றுப் பன்னிரண்டு.
அடுக்கில நானூற்றுப் பதினொண்டு.
வேற நாளெண்டால் நெஞ்சு இடிச்சிருக்கும்,
முதலாளியின்ர முகம் வந்து நிண்டிருக்கும்.
அண்டைக்கு எனக்கு இருந்த குறை
மழைக்கோட்டு இல்லாததுதான்.

முதல் தடயம்: சீமெந்தில இழுபட்ட கோடு.
அடுத்தது, சிந்தின பத்துப் பன்னிரண்டு நெல்லு.
எறும்புக்கு முந்தி நான் போய்ச் சேந்திட்டன்.
வெளியில வயலுக்குள்ள ஆட்காட்டி கத்திச்சுது.
அந்தக் குருவிக்குப் பேர் வைச்ச ஆளும்
துப்பறிஞ்சு திரிஞ்ச ஆளாத்தான் இருக்கவேணும்.

உலர்த்திக்குப் பின்னால, சூடு வாற பக்கம்,
மூட்டையில தலை, நெஞ்சில போன்,
வாயைத் திறந்தபடி கஜரூபன்.
போனுக்குள்ள ஒன்பதாம் பாகம் ஓடுது.
ஒன்பது!
நாலு பேர் தெரிய ஒருமிக்கப் பாப்பம் எண்டு சொன்னவன்.

எழுப்பேல்லை.
வந்து கொப்பியில 412, சரி எண்டு எழுதி
பக்கத்தில பென்சிலால போட்டன்:
ஒரு மூட்டை தலையணை.

கதிரையில இருக்க விக்கல் வந்துது.
ஒண்டு.
கொஞ்சம் விட்டு இன்னுமொண்டு.
ஆரோ நினைக்கினம் எண்டுதானே சொல்லுவினம்.
சரியான ஆளின்ர பேரைச் சொன்னால் நிண்டிடுமாம்.
சொல்லிப் பாக்க எனக்கும் பேர் இருக்கு.
சொல்லேல்லை.
அடியில மிஞ்சின பிளேன்ரீயைக் குடிச்சிட்டு
ஏழாம் பாகத்தை அமத்தினன்.

மூண்டாவது
இன்னும் வரேல்லை.